மோன்பெலியே பாம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தெற்கு பிரான்சில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே கட்டிய பழைய சுவர் ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் ஒரு நாள் காலை வெயிலில், கிட்டத்தட்ட ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு அதிலிருந்து வெளியே வந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி நின்று முறைத்தது, அப்புறம் பலமாகச் சீறிவிட்டுச் சுவருக்குள் போய்விட்டது. ஐரோப்பாவில் நாகப்பாம்பு உண்டா? (வாசகி, எரோ மாவட்டம், பிரான்ஸ்)

பதில்: நாகம் இல்லை. ஐரோப்பாவில் எந்த நாட்டிலும் நாகப்பாம்பு இயற்கையாகக் கிடையாது. நீங்கள் சொல்லும் நீளம், நிறம், பட்டப்பகல், கல்சுவர், தலையைத் தூக்கிப் பார்த்தது, அந்தச் சீறல் எல்லாம் சேர்ந்து உங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரையே தாங்கிய மோன்பெலியே பாம்பைத்தான் காட்டுகின்றன. அக்கம்பக்கத்தில் ‘கூலேவ்ர் து மோன்பெலியே’ என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அறிவியல் பெயர் மல்போலோன் மோன்ஸ்பெசுலானுஸ். ஸ்திராஸ்பூர்க் நகரில் பேராசிரியராக இருந்த யோஹான் ஹெர்மானின் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1804இல் நூலாக வந்தன, அதில்தான் இந்தப் பாம்பு முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது.

நாகம் கழுத்து விலா எலும்புகளை விரித்துப் படம் எடுக்கும், இதற்கு அப்படி அகன்ற படம் வராது. இது உடம்பின் முன்பகுதியைத் தூக்குவது பெரும்பாலும் சுற்றிலும் பார்ப்பதற்குத்தான். முழங்கால் உயரப் புதருக்குள் தரையோடு தரையாக ஊர்ந்தால் எதுவும் தெரியாதல்லவா? வேட்டையாடும்போதும் இப்படித் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போகும். (இதன் நெருங்கிய உறவுக்காரப் பாம்பு ஒன்று வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் இருக்கிறது. அது கழுத்தைத் தட்டையாக்கி நாகம் போலவே காட்டும், அதனால் அதற்குப் பொய் நாகம் என்றே பெயர்.)

நீங்கள் ‘முறைத்தது’ என்று எழுதியது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இந்தப் பாம்பின் அடையாளமே அந்த முகம்தான். கண்கள் பெரியவை, பாப்பா வட்டமானது. கண்ணுக்கு மேலே இருக்கும் செதில் வீட்டு இறவாணம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு கண்ணுக்கும் நடுவில் நெற்றி பள்ளமாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் அதற்கு எப்போதும் கோபமாக இருக்கும் தோற்றத்தைக் கொடுக்கின்றன. ஐரோப்பாவின் வேறு எந்தப் பெரிய பாம்புக்கும் இந்த முகம் இல்லை. ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

உடல் மெலிந்து நீண்டது, வாலும் நீளம். முதுகுச் செதில்கள் வழவழப்பானவை, ஆனால் வளர்ந்த பாம்பில் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். ஆணும் பெண்ணும் அளவில் ரொம்பவே வேறுபடும். ஆண் சாதாரணமாக 2 மீட்டரை நெருங்கும், அதைத் தாண்டியவையும் உண்டு. பெண் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். வயது வந்த ஆணின் நிறம் ஒரே சீராக இருக்கும்: ஆலிவ் பச்சை, சாம்பல் பச்சை, சில நேரம் பழுப்பு. கழுத்துக்குச் சற்றுப் பின்னால் முதுகில் கருமையாக ஒரு பட்டை, குதிரைக்குச் சேணம் போடும் இடத்தில் இருப்பதால் அதைச் சேணம் என்றே சொல்கிறார்கள். வயிறு மஞ்சள் சாயல். நீங்கள் பார்த்தது ஆள் நீளம் இருந்தது, நிறமும் சீராக இருந்தது என்பதால் அது வளர்ந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும். மே மாதம் இணை சேரும் பருவம், ஆண்கள் பெண்ணைத் தேடி அலையும் நாட்கள், அதனால்தான் அவ்வளவு வெளிப்படையாக வந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கண்டது ஒன்றரை அடிதான் இருக்கும், உடம்பு முழுக்கப் புள்ளி. விரியன் குட்டி என்று பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கப் போனார். எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மார்செய்)

பதில்: அடிக்கவிடாதீர்கள். மோன்பெலியே பாம்பின் குட்டி பெரியவரைப் போல இருக்காது. பழுப்பு உடம்பில் கருப்பும் வெள்ளையுமாகச் சிறுசிறு புள்ளிகள், திட்டுகள். காய்ந்த புல், சருகு, சரளைக்கல் இருக்கும் தரையில் அது அசையாமல் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. பெண் பாம்புகள் வளர்ந்த பிறகும் இந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கும், ஆண்தான் எல்லாவற்றையும் இழந்து ஒரே நிறமாகிவிடும்.

விரியன் வேறு மாதிரி. உடல் தடித்துக் குட்டையாக இருக்கும், முழு வளர்ச்சியிலும் முக்கால் மீட்டரைத் தாண்டுவது அரிது, வால் சட்டென்று முடிந்துவிடும். கண்பாப்பா பூனைக்கு இருப்பதுபோல நெட்டுக்குத்துக் கீற்று. தெற்கு பிரான்சின் ஆஸ்ப் விரியனுக்கு மூக்கு நுனி சற்று மேல்நோக்கித் தூக்கியிருக்கும். தலையின் உச்சியில் விரியனுக்கு நிறையச் சிறு செதில்கள், மோன்பெலியே பாம்புக்கோ பெரிய தகடுகள். நீர்நிலை ஓரமாக முதுகில் வளைவு வளைவான கோலத்தோடு ஒரு பாம்பைக் கண்டால் அது விரியனைப் போலத் தோன்றும் நஞ்சில்லாத தண்ணீர்ப் பாம்பாக இருக்கலாம், பாவம், அதையும் விரியன் என்று சொல்லி நிறையக் கொன்றுவிடுகிறார்கள்.

கண்ணையும் செதிலையும் பார்க்கிறேன் என்று கிட்டே குனியாதீர்கள். சில மீட்டர் தள்ளி நின்று கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து பாருங்கள். பிரான்சில் பாம்புகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, அடித்துக் கொல்வது குற்றம் என்பதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இது எந்தெந்த நாடுகளில், எந்த மாதிரி இடத்தில் வாழ்கிறது? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: மேற்கு மத்தியதரைக்கடல்தான் இதன் வீடு. போர்ச்சுகல், ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலியின் வடமேற்கு மூலையில் லிகூரியாவின் ஒரு துண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோவும் அல்ஜீரியாவும். பால்கன் நாடுகள், துருக்கி, லெபனான், எகிப்து, ஈரான் வரை போகும் கிழக்குப் பாம்பையும் முன்பு இதே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு 2006 முதல் அதைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். கிழக்கு இனத்தின் ஆணுக்கு அந்தச் சேணப் பட்டை கிடையாது.

இடம் என்று கேட்டால், முதலில் அங்குள்ள தட்பவெப்பத்தைச் சொல்ல வேண்டும். மத்தியதரைக்கடல் ஓரத்தில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை கொளுத்தும், ஒரு சொட்டு விழாது. அதைத் தாங்குகிற செடிகள்தான் அங்கே நிற்கும்: சிறிய, தடித்த, மணமுள்ள இலைகள். சுண்ணாம்புப் பாறைமேல் முழங்காலோ இடுப்போ உயரத்துக்கு ரோஸ்மேரி, தைம், லாவெண்டர், முள் இலை கொண்ட குட்டை ஓக் என்று பரந்து, நடுநடுவே வெறும் பாறை தெரிகிற புதர்க்காட்டை பிரான்சில் காரிக் என்கிறார்கள். அமில மண்ணில் இன்னும் உயரமாக, நுழைய முடியாத அளவு அடர்ந்து வளர்வது மாக்கி. மோன்பெலியே பாம்புக்கு அதிகம் ஒத்துப்போவது முதலாவது வகை, அதாவது வெயில் விழும் திறந்த இடமும் ஒளிய ஒரு புதரும் இரண்டு மூன்று அடிக்குள் மாறி மாறிக் கிடைக்கிற நிலம். திராட்சைத் தோட்டத்து வரப்பு, ஆலிவ் தோப்பு, பைன் மரங்களின் இடைவெளி, கடற்கரை மணல்மேடு எல்லாவற்றிலும் இருக்கும். தெற்கு ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் 2,000 மீட்டருக்கு மேலேயும் கண்டிருக்கிறார்கள்.

இந்தக் காரிக் நிலமே மனிதனும் ஆடும் சேர்ந்து உருவாக்கியது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பழைய ஓக் காடுகளை விறகுக்கும் கரிக்கும் வெட்டி, நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்து, அவ்வப்போது தீயும் பட்டுத்தான் அது புதராக நின்றது. மலைச்சரிவில் அந்த மக்கள் கையால் அடுக்கிய கல்சுவர்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் இருக்கின்றன. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் உள்ளிட்ட நாடுகளில் சாந்தில்லாமல் கல் அடுக்கும் அந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல்லி, பாம்பு இரண்டுக்கும் அந்தச் சுவரைவிட நல்ல இடம் கிடையாது. காலையில் மேல் கல்லில் சூடேற்றிக்கொள்ளலாம், மதியம் சூடு தாங்காமல் உள்ளே போகலாம், கழுகு வந்தால் ஒரு நொடியில் மறையலாம். இப்போது மேய்ச்சல் நின்று போன இடங்களில் புதர் மூடி மறுபடியும் காடாகிறது. காடு திரும்புவது நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் வெயில் வேண்டிய உயிர்களுக்கு அது இடத்தைப் பறிக்கிறது. சுவர் இடிந்தால் கல்லை அள்ளிக்கொண்டு போய் சிமென்ட் வேலி போடுகிறார்கள், அது எனக்கு இன்னும் வருத்தம்.

ஆர்ல் நகரத்துக்குப் பக்கத்தில் க்ரோ என்றொரு சமவெளி இருக்கிறது. துரான்ஸ் நதி என்றோ திசை மாறிப் போனபோது விட்டுச்சென்ற கூழாங்கல் பரப்பு, மரமே கிடையாது, ஆட்டு மந்தைகள் மட்டும் மேயும். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்கள் இறங்கிவிடக் கூடாது என்று ஜெர்மன் ராணுவம் அங்கே கல்லைக் குவியல் குவியலாகக் குவிக்க வைத்தது. போர் முடிந்து குவியல்கள் அப்படியே நின்றன. உடம்பின் இருபுறமும் நீலப் புள்ளிகள் கொண்ட, ஐரோப்பாவின் பெரிய பல்லிகளில் ஒன்று அவற்றில் குடியேறியது. அந்தப் பல்லியைத் தின்னும் நம் பாம்பும் அதே சமவெளியில் திரிகிறது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பொந்துக்குள் உறக்கம். மார்ச்சில் வெளியே வரும். ஜூன், ஜூலையில் பெண் பாம்பு கல்லுக்கு அடியிலோ கைவிட்ட முயல் வளையிலோ முட்டையிடும், பெரும்பாலும் நான்கிலிருந்து பதினான்கு வரை. இரண்டு மாதம் கழித்து, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் குட்டிகள் வெளியே வரும்.

கேள்வி: இதற்கு நஞ்சு உண்டு என்றும் இல்லை என்றும் படிக்கிறேன். எது சரி?

பதில்: உண்டு. ஆனால் அந்த நஞ்சு நம் உடம்புக்குள் போகும் வாய்ப்பு குறைவு. விரியனுக்கும் நாகத்துக்கும் நச்சுப்பல் வாயின் முன்னால் இருக்கிறது, கொத்தியதும் வேலை முடிந்துவிடும். மோன்பெலியே பாம்புக்கு மேல்தாடையின் பின்கோடியில், கிட்டத்தட்ட கண்ணுக்கு நேர் கீழே, பள்ளம் விட்ட இரண்டு பற்கள். இரையைக் கவ்வி வாய்க்குள் இழுத்து மென்றால்தான் அவை ஆழமாக இறங்கும். நம் ஊர்ப் பச்சைப்பாம்பும் பூனைப்பாம்பும் இதே ஏற்பாடுதான். பயத்தில் சட்டென்று கடித்து விடுகிற கடியில் முன்பற்கள் மட்டும் கீறும், அவ்வளவுதான்.

கையில் பிடித்து விளையாடப் போய், விரல் வாய்க்குள் ஆழமாகப் போய்விட்டால் நிலைமை மாறும். வலி, வீக்கம், மரத்துப்போதல் வரும். அரிதாக நரம்பைத் தாக்கி இமை தொங்கும், விழுங்கச் சிரமப்படும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடுகிறது, ஆனாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஐரோப்பாவில் 112 என்ற எண்ணை அழையுங்கள். கடிவாயை அறுக்கவோ உறிஞ்சவோ கட்டுப் போட்டு இறுக்கவோ கூடாது, மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள், கையை அசைக்காமல் வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கல்சுவரின் துளைக்குள் கை விடக் கூடாது, பாம்பைக் கண்டால் நின்ற இடத்திலிருந்து பின்னால் நடக்க வேண்டும் என்று இரண்டே விஷயம் சொல்லிக்கொடுங்கள். வழி விட்டால் அது நிற்காமல் போய்விடும், அவ்வளவு வேகமான பாம்பு. மூலையில் மடக்கினால்தான் சீறும், அந்தச் சீறல் நீளமாகவும் பயங்கரமாகவும் இருக்கும். உறங்கும் அறைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துவிட்டால் நீங்களே பிடிக்காமல் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஒரு காணொளியில் இந்தப் பாம்பு தன் மூக்கால் தன் உடம்பையே மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தது. சொறியா?

பதில்: சொறி இல்லை, இது இந்தப் பாம்புக் குடும்பத்துக்கே உரிய பழக்கம். மூக்குத் துளைக்கு அருகில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதன் நீர் வெளியே வர ஒரு சிறு திறப்பும் உண்டு. பாம்பு தலையை வளைத்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் வயிற்றின் இடமும் வலமும் மாறி மாறி அதைப் பூசிக்கொண்டே போகும். காய்ந்ததும் மெல்லிய படலமாகிவிடும். சட்டை உரித்த பிறகு இதை அதிகம் பார்க்கலாம். வறண்ட நிலத்தில் தோல் வழியே நீர் வீணாகாமல் தடுக்கத்தான் என்று முதலில் விளக்கினார்கள். பிறகு, ஊர்ந்து போகும் வழியெல்லாம் தன் வாசனையை விட்டுச்செல்ல, மற்ற பாம்புகளுக்கு ‘இது என் இடம்’ என்று தெரிவிக்க என்றும் விளக்கம் வந்தது. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்றில்லை. கையும் காலும் இல்லாத ஓர் உயிர் தன் உடம்பு முழுவதற்கும் இப்படித் தைலம் பூசிக்கொள்கிறது என்பதே எனக்குத் தீராத வியப்பு.

கேள்வி: என்ன தின்கிறது? இதை எது தின்கிறது?

பதில்: குட்டியில் வெட்டுக்கிளியும் சின்னப் பல்லியும். வளர வளர எலி, பறவைக் குஞ்சு, பெரிய பல்லி, முயல் குட்டி, மற்ற பாம்புகள், தன் இனத்துச் சிறியவை உட்பட. மோப்பத்தைவிடக் கண்ணை அதிகம் நம்பி, பகலில் துரத்திப் பிடிக்கும் பாம்பு இது, அந்தப் பெரிய கண்கள் அதற்குத்தான்.

இதன் முக்கிய எதிரி குட்டைவிரல் பாம்புக்கழுகு. மார்ச்சில் சகாராவுக்குத் தெற்கேயிருந்து பறந்து வந்து, காரிக் நிலத்துக்கு மேலே காற்றில் அசையாமல் நின்றபடி பாம்பைத் தேடும். வருடத்துக்கு ஒரே முட்டை, அந்த ஒரு குஞ்சை வளர்க்கப் பாம்பு பாம்பாகக் கொண்டுவந்து கொடுக்கும். இதே கழுகு இனம் இந்தியாவிலும் இருக்கிறது, திறந்த வறண்ட நிலங்களில் பார்க்கலாம். ஸ்பெயினின் தெற்கிலும் போர்ச்சுகலிலும் கீரியும் உண்டு, அதுவும் விடாது. ஆனால் வெயிலில் சூடான தார்ச்சாலைமேல் படுக்க வரும்போது வண்டி ஏறிச் சாவது நிறைய. தெற்கு பிரான்சில் வசந்தகாலத்தில் கிராமச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் காலை நேரத்தில் கொஞ்சம் மெதுவாகப் போனாலே பல பாம்புகள் பிழைக்கும்.

கேள்வி: இந்தியாவில் இந்த இனம் உண்டா?

பதில்: இல்லை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த மணல்பாம்புகள் ராஜஸ்தான், குஜராத் பக்கம் உண்டு, அவையும் மெலிந்த, வேகமான பகல் பாம்புகள். நம் சாரைப்பாம்பு நீளத்திலும் நடத்தையிலும் இதை நினைவூட்டினாலும் வேறு குடும்பம், நஞ்சும் இல்லை.

கேள்வி: ஸ்பெயினின் இபிசா தீவில் பாம்புகள் புகுந்து பல்லிகளை அழிக்கின்றன என்று செய்தி பார்த்தேன். இந்தப் பாம்புதானா?

பதில்: பெரும்பங்கு இதன் வேலை இல்லை, அங்கே பெருகியது குதிரைலாடப் பாம்பு என்ற வேறோர் இனம். பழுப்பு உடலில் வரிசையாகக் கரும் வட்டங்கள், தலையில் லாட வடிவக் குறி. மோன்பெலியே பாம்பும் ஏணிப்பாம்பும்கூட அதே வழியில்தான் வந்து சேர்ந்தன. வந்த வழியைக் கேட்டால் மனசு ஆறாது. ஸ்பெயினின் பெருநிலத்திலிருந்து வயதான ஆலிவ் மரங்களை வேரோடு பெயர்த்து, தோட்ட அழகுக்காகத் தீவுக்கு லாரியிலும் கப்பலிலும் கொண்டுவந்தார்கள். வயதான ஆலிவ் மரத்தின் அடிமரம் முழுக்கப் பொந்து. அதற்குள் குளிர்கால உறக்கத்தில் இருந்த பாம்பும், இட்டுவைத்த முட்டையும் மரத்தோடு சேர்ந்து வந்துவிட்டன. 2003 வாக்கில் முதல் பாம்புகள் கண்ணில் பட்டன.

இபிசாவில் அதுவரை பாம்பே கிடையாது. அங்குள்ள இபிசாச் சுவர்ப்பல்லி, நீலமும் பச்சையும் மினுக்கும் அந்தத் தீவின் அடையாளச் சின்னம், பாம்பைக் கண்டு ஓடத் தெரியாமலே வளர்ந்த உயிர். பாம்பு பரவிய பகுதிகளில் பல்லிகள் மடமடவென்று காணாமல் போயின. பாம்பு நீந்திப் பக்கத்துத் திட்டுகளுக்கும் போகிறது. இப்போது எலியை இரையாக வைத்த பெட்டிப் பொறிகளைத் தீவெங்கும் வைத்துப் பிடிக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் பிடித்தும் முடியவில்லை. க்ரோ சமவெளியில் பல்லியும் பாம்பும் எத்தனையோ காலமாக ஒன்றையொன்று அறிந்து வாழ்கின்றன, அங்கே பாம்பு பல்லியைத் தின்பது யாருக்கும் கேடில்லை. இபிசாவில் அந்தப் பழக்கத்துக்குக் காலமே கிடைக்கவில்லை. பாம்பின்மேல் கோபப்பட்டு என்ன பயன், அதை ஏற்றிக்கொண்டு வந்தது நாம்.

தீவுகளில் வசிக்கும் வாசகர்கள் யாராவது தோட்டத்தில் ஆலிவ் வைக்க ஆசைப்பட்டால், நாற்றங்காலில் வளர்த்த இளங்கன்றாக வாங்குங்கள். பொந்து விழாத மெல்லிய தண்டில் எதுவும் ஒளிந்து வராது. ஏற்கெனவே வயதான மரத்தை வாங்கி நட்டிருந்தால், வசந்தகாலத்தில் அதன் அடியைக் கவனியுங்கள். உரித்துப் போட்ட சட்டை கிடந்தால் உள்ளூர் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.